மூத்தவள் வைத்த உப்புப் படையல்

கோலாலம்பூரில் பட்டம் வாங்கி வந்த வருடம், மெர்போக் ஆற்றுப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் மாரியம்மன் திருவிழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். நான் வளர்ந்தது குருணுக்கு அந்தப் பக்கம், இன்னொரு தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் மரத்தில் பால் வெட்டியவர்கள். சுற்று வட்டாரத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் போய்ப் பட்டத்தோடு திரும்பிய முதல் ஆள் நான்தான் என்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொல்லி மாலை போட்டார்கள். கழற்ற மனம் வராமல் மாலையோடே நின்றுகொண்டிருந்தேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் அம்மாள் வந்தார். கெட்டியான உடம்பு, இறுக்கிய கொண்டை. கையில் வாழை இலைத் துண்டு.

“நீதான் படிச்ச பையனா?”

“ஆமா, பெரியம்மா.”

“ஒங்க பக்கத்து வீட்டுப் பையன் என்ன படிச்சிருக்கான்?”

“அவன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தோட நின்னுட்டான். ஸ்டோர்ல வேலை.”

“சித்தப்பன், பெரியப்பன் புள்ளைங்க?”

“யாரும் போகலை.”

“அப்பச் சரி.” அவர் முகத்தில் உண்மையாகவே ஒரு நிம்மதி தெரிந்தது. “பக்கத்துல இன்னொருத்தன் வாங்கியிருந்தா ஒனக்கு இந்த மாலை மணக்காது. இந்தா, தின்னு.”

இலையில் கறுப்பும் பழுப்புமாக ஒரு பணியாரத் துண்டு. கேக் மாதிரியும் இருந்தது, களி மாதிரியும் இருந்தது. கிராம்பு மணத்தது. கடித்தேன். முதலில் இனிப்பு, பின்னால் சுக்குக் காரம். அதற்கும் பின்னால் நாக்கின் ஓரத்தில் உப்பு கரித்தது. என் முகம் போன போக்கைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற கோயில் கமிட்டிக்காரர் சிரித்தார்.

“செல்லாயி அக்காவோட உப்புப் படையல், தம்பி. இத சாப்பிடாம இங்கேருந்து யாரும் போக முடியாதுலா.”

அப்படித்தான் செல்லாயி அம்மாளை நான் முதலில் சந்தித்தேன். பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவது வழக்கமாயிற்று. மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு பேசும் விஷயத்தை அவர் உரக்கப் பேசுவார். “பொறாம பட்டேன்னு சொல்றதுக்கு எனக்கென்ன வெக்கம்? கண்ணு இருக்கு, பாக்குது. வயிறு இருக்கு, எரியுது” என்பார்.

அந்த எரிச்சலுக்கு ஒரு பெயர் உண்டு. இராசாத்தி.

செல்லாயியின் கணவர் தர்மலிங்கம் மூத்தவர். தம்பி பிச்சை. பிச்சை கட்டிக்கொண்டு வந்தவள்தான் இராசாத்தி. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இரண்டு குடும்பத்துக்கும் அடுத்தடுத்த வீடு. நடுவில் பலகைத் தடுப்பு உண்டு. ஆனால் அது கூரைவரை எட்டாது. மேலே திறந்தே கிடக்கும். இந்த வீட்டில் மிளகாய் வறுத்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சிரித்தால் இந்த வீட்டில் தூக்கம் கெடும்.

இராசாத்தி பால் வெட்டப் போனதில்லை. துரை பங்களாவில் குசினி வேலை. துரைசாணியம்மாளுக்கு ரொட்டி சுட்டு, கேக் சுட்டு, மாலையில் பங்களாவில் கொடுத்த வெள்ளைச் சேலையில் ஒரு கறை இல்லாமல் திரும்பி வருவாள். செல்லாயிக்கோ எத்தனை தேய்த்துக் குளித்தாலும் ரப்பர் பால் வாடை போகாது.

“நாத்தம் இல்லாத ஒருத்தி பக்கத்து வீட்டுல இருந்தாத்தான் நம்ம நாத்தம் நமக்குத் தெரியும்” என்று அவர் என்னிடம் சொன்னார்.

ஆனால் இராசாத்திக்குக் கிடைக்காத ஒன்று செல்லாயியிடம் இருந்தது. அந்தத் தோட்டத்தில் மாரியம்மனுக்கு முதல் கல்லை நட்டவர் அவருடைய மாமனார். அதனால் ஆடித் திருவிழாவில் முதல் பொங்கல் பானை அந்த வீட்டு மூத்த மருமகளுடையது. அவள் பானை பொங்கி வழிந்து, பெண்கள் குலவை போட்ட பிறகுதான் மற்றவர்கள் தங்கள் அடுப்பில் தீ வைக்கலாம். அந்த ஒரு காலைப்பொழுதில் தோட்டமே செல்லாயியின் பானையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இராசாத்தியும் விறகை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அந்தக் காட்சியை நினைத்தே செல்லாயி மீதி வருடத்தை ஓட்டினார்.

ஜப்பான்காரன் வந்தான். துரையும் துரைசாணியும் ஓடிப்போனார்கள். பங்களாக் குசினி மூடியது. இராசாத்தியும் மற்றவர்களைப் போலக் காட்டைக் கொத்தி மரவள்ளி நட வந்தாள். அப்போது செல்லாயிக்கு உள்ளூரச் சந்தோஷம். இனிமேல் இவள் சேலையிலும் மண் ஒட்டும்.

ஒட்டியது. ஆனால் அவள் பங்களாவிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். சுடும் கைப்பழக்கம். அரிசி கண்ணில் படாமல் போய், எல்லார் வீட்டிலும் அவித்த கிழங்கே மூன்று வேளையும் என்றானபோது, இராசாத்தி ரப்பர் மரங்களுக்கு நடுவே விளைந்த மக்காச்சோளத்தைக் காய வைத்துத் திருகையில் அரைத்தாள். தேங்காய்ப் பாலில் மாவைக் கிளறி, வெல்லப் பாகு ஊற்றி, சுக்கும் கிராம்பும் பொடித்துப் போட்டு, துரைசாணி விட்டுப்போன கேக் தட்டில் ஊற்றிச் சுட்டாள். அடுப்பில் கீழே கங்கு, தகர மூடிமேல் கொட்டாங்குச்சிக் கங்கு. வேக வேக அந்த வாசனை தடுப்பின் மேலாக ஏறி இறங்கி வந்தது. இந்தப் பக்கம் செல்லாயியின் பிள்ளைகள் கிழங்கைக் கீழே வைத்துவிட்டு மேலே பார்த்தார்கள்.

“அம்மா, சித்தி என்ன சுடுறாங்க?”

“ஒங்க தலைய. கெழங்கத் தின்னுங்க.”

சிறிது நேரத்தில் தடுப்புக்கு மேலே ஒரு தட்டு நீளும். “அக்கா, புள்ளைங்களுக்கு.” செல்லாயி வாங்கிக்கொள்வார். வாங்காமல் இருக்கப் பிள்ளைகள் விடமாட்டார்கள். ஒரு வாய்கூடத் தான் சாப்பிட்டதில்லை என்று என்னிடம் சத்தியம் செய்தார். உடனே, “தட்ட வழிச்சு நக்குனது உண்டு. அது திங்கிறதுல சேராது” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். தர்மலிங்கத்துக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருந்ததால் தள்ளிவிட்டார்கள். பிச்சையை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவரைப் பற்றிச் சேதியே இல்லை. லயம் முழுக்க இராசாத்தியைச் சுற்றி உட்கார்ந்தது. யாராவது ஒரு முட்டை கொண்டுவந்து கொடுத்தார்கள், யாராவது அவளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்கள். செல்லாயியும் அழுதார். கொழுந்தன் மேல் அவருக்குப் பாசம் உண்டு. ஆனால் அழுதுகொண்டிருக்கும்போதே ஒரு நினைப்பும் கூடவே ஓடியது: ஊரே இவளைப் பார்க்கிறது. புருஷன் வீட்டில் இருப்பவளை யார் பார்க்கிறார்கள்?

ஆடி வந்தது. கோயில் காரியத்தைப் பேசக் கங்காணி சதாசிவம் எல்லாரையும் கூட்டினார். முதல் பானைக்கு ஒரு படி அரிசிகூட எங்கும் இல்லை.

“கெழங்க அவிச்சு ஆத்தா முன்னால வைக்க எனக்கு மனசு வரல” என்றார் கங்காணி. “இராசாத்தி சுடுதே, அந்தச் சோளப் பண்டம், அத வைப்பம். அது கையாலயே இந்த வருசம் மொதல் படையலும் வைக்கட்டும். பிச்சை பொண்டாட்டி, பாவம்.”

கூட்டம் தலையாட்டியது. செல்லாயியின் காதில் ‘பாவம்’ என்ற அந்தச் சொல்தான் விழுந்தது. எழுந்து நின்றார்.

“ஏன், மூத்த மருமக நான் செத்தா போனேன்?”

“ஒனக்கு அது சுடத் தெரியுமா, செல்லாயி?”

“தெரியும்.”

தெரியாது. அது எல்லாருக்கும் தெரியும். பின்னாலிருந்து ராக்காயி என்ற ஒருத்தி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். “பானைன்னா பொங்கி வழியும், கொலவ போடலாம். இது மூடிக்கு உள்ளாறயே குந்திக்கிட்டு இருக்கும். எதப் பாத்துக் கொலவ போடுறதாம்?”

“மூடியத் தொறக்கையில போடு. அதுவரைக்கும் ஒன் வாய மூடிக்கிட்டு இரு” என்றார் செல்லாயி.

கங்காணி கையை உயர்த்தினார். “சரி, மூத்தவளே வைக்கட்டும். ஆனா படையல் கெட்டுப்போச்சுன்னா, வர்ற வருசத்துலேருந்து மொதல் படையல் இராசாத்தியோடது. அப்புறம் வந்து எங்கிட்ட மல்லுக்கு நிக்கக் கூடாது.”

“நிக்கல.”

இராசாத்தி தலையைக் குனிந்து தரையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

“நீங்க அவங்ககிட்டயே கேட்டிருக்கலாமே, பெரியம்மா?” என்று நான் குறுக்கிட்டேன்.

“கேட்டிருந்தா சொல்லிக் குடுத்திருப்பா. அதுக்குப் பயந்துதான் கேக்கல.”

கேட்கவில்லை. ஆனால் பார்த்தார். உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறித் தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மாவு எவ்வளவு, பால் எவ்வளவு, மேல் கங்கை எப்போது தள்ளுகிறாள், எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டார். கடைசியில் இராசாத்தி ஒரு கை கல்லுப்பை நுணுக்கிப் போட்டதையும் பார்த்தார். இராசாத்தியின் வெல்லம் தென்னைப் பாளையில் இறக்கிய கட்டி வெல்லம். தித்திப்பு திகட்டும். அதை அடக்கத்தான் உப்பு. ஆனால் காரணம் கண்ணுக்குத் தெரியுமா? கைதான் தெரியும்.

அதே வெல்லத்தை வாங்கச் செல்லாயிக்கு மனமில்லை. இராசாத்தி சுடுவதைவிடத் தன்னுடையது கறுப்பாக, மினுமினுப்பாக இருக்க வேண்டும். கணவரைத் தஞ்சோங் டாவாய்க்கு அனுப்பினார். ஒரு சேவலைக் கொடுத்துவிட்டு, அங்கே கழிமுகத்துச் சேற்றில் வளரும் நீப்பா மரத்துப் பாகை ஒரு போத்தல் நிறைய வாங்கிக்கொண்டு வந்தார் தர்மலிங்கம். வெயிலில் தூக்கிப் பார்த்தால் தார் மாதிரி கறுப்பு, தேன் மாதிரி பளபளப்பு. செல்லாயிக்கு வாயெல்லாம் பல்.

“இந்தா பாரு,” என்றார் தர்மலிங்கம், “அந்த மலாய்க்காரம்மா சொன்னிச்சு, உப்புத் தண்ணி ஏறுற எடத்து மரமாம். பாகு கொஞ்சம் கரிக்குமாம். நீ பாத்து…”

“அவளோட கட்டிதான் நல்லாருக்குன்னு சொல்ல வர்றீங்களா?”

“நான் எங்கடி அப்படிச் சொன்னேன்?”

“சொல்லாட்டி என்ன? மூஞ்சி சொல்லுது. நீங்களும் அந்தக் கூட்டத்துல தலையாட்டுன ஆளுதான, நான் பாக்கலன்னு நெனப்பா?”

தர்மலிங்கம் போத்தலை அடுப்படியில் வைத்துவிட்டு வெளியே போனார்.

ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். ஆனால் அம்மனுக்கு என்று ஒதுக்கிய பொருளை வாயில் வைக்கக் கூடாது. படைத்த பிறகுதான் மனுஷர் நாக்கு. வாசனையைக்கூட முகர்ந்து பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சமைக்கிற வழக்கம் நம்முடையது. இராசாத்தியும் படையலுக்குச் சுட்டிருந்தால் ருசி பார்த்திருக்க மாட்டாள். ஆனால் அவள் எத்தனையோ தடவை வீட்டுக்குச் சுட்டு ருசி பார்த்தவள். செல்லாயி முதன்முதலாகச் சுட்டதே அம்மனுக்குத்தான்.

திருவிழா அன்று கோயில் முன்னால் கல் கூட்டி அடுப்பு வைத்தார். கேக் தட்டுக்கு எங்கே போவது? ரப்பர் பால் உறைய வைக்கும் தட்டு ஒன்றைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்தேயென்று தேய்த்து வைத்திருந்தார். இராசாத்தியின் தட்டைவிட அது பெரியது. அதனால் மாவும் அதிகம், பாகும் அதிகம். உப்பும் ஒரு கைக்கு இரண்டு கையாகப் போட்டார். தகரத்தை மூடி, மேலே கங்கை அள்ளிப் பரப்பிவிட்டு, அடுப்பு முன்னாலேயே நின்றார். மற்ற பெண்கள் தங்கள் அடுப்பில் கிழங்கை வைத்துக்கொண்டு தீ வைக்காமல் காத்திருந்தார்கள். இராசாத்தியும் காத்திருந்தாள்.

மூடியைத் திறந்தார். ஆவி போனதும் உள்ளே பளபளவென்று கறுத்து, நடுவில் மட்டும் பிளந்து, ஓரமெல்லாம் முறுகி, படம் வரைந்தது போல உட்கார்ந்திருந்தது. கிராம்பு மணம் கோயில் முழுக்க ஏறியது. ராக்காயிதான் முதலில் குலவை போட்டாள். தன்னை அறியாமல் போட்டுவிட்டாள். செல்லாயி திரும்பி இராசாத்தியைப் பார்த்தார். “என் ஆயுசுல அப்படி ஒரு பார்வ நான் பாத்ததில்ல, தம்பி. கண்ணாலயே அவள மிதிச்சேன்.”

பூசை முடிந்தது. வெட்டிப் பங்கு வைத்தார்கள். முதல் துண்டு கங்காணிக்கு.

கங்காணி மென்றார். மெல்லுவது நின்றது. துப்ப முடியாது, அது பிரசாதம். விழுங்கினார், கண்ணில் தண்ணீர் வந்தது. அடுத்தடுத்து வாயில் போட்டவர்களும் அப்படியே நின்றார்கள். ஒரு குழந்தை மட்டும், “உப்பு!” என்று கத்தியது.

செல்லாயி தன் கையிலிருந்த துண்டைக் கடித்தார். கடல் தண்ணீரைக் கட்டியாக்கி வைத்தது போல இருந்தது.

“என்ன செல்லாயி இது?” கங்காணிக்குக் கோபத்தைவிடச் சங்கடம்தான் அதிகம். “அன்னிக்கே நான் என்ன சொன்னேன்?”

முதல் படையல் கையை விட்டுப் போயிற்று. இனி ஆயுசு முழுக்க இராசாத்தியின் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, விறகை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

அப்போது இராசாத்தி முன்னால் வந்தாள். தன் துண்டை முழுதாக வாயில் போட்டு, முகம் கோணாமல் மென்று விழுங்கினாள்.

“உப்புத்தான் கங்காணி. தெரிஞ்சுதான் அக்கா போட்டாங்க. எம்புருசன் சயாமுலேருந்து வரணும்னு ஆத்தாளுக்கு உப்பு நேந்துக்கிட்டாங்க. வெளிய சொன்னா நேத்தி பலிக்காதுன்னு சொல்லல. நானும் சொல்லியிருக்கக் கூடாது. நீங்க கேக்கவும் வாயில வந்துடுச்சு.”

மாரியம்மனுக்கு உப்பு நேர்ந்துகொள்வது நம் ஜனங்களுக்குப் புதிதில்லை. நோய் வந்தால் உப்பும் மிளகும் கொண்டுபோய்க் கொட்டுகிறவர்கள்தானே. கங்காணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். ராக்காயி செல்லாயியின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். சயாமுக்கு ஆளை அனுப்பிய வீட்டுப் பெண்கள் எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு வந்து, இன்னொரு துண்டு, இன்னொரு துண்டு என்று கேட்டு வாங்கி, கண்ணீரோடு அந்த உப்பை விழுங்கினார்கள்.

செல்லாயி துண்டு வெட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவர் பிச்சைக்காக எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. அம்மனிடம் அவர் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று. முதல் அடுப்பு தன்னைவிட்டுப் போகக் கூடாது.

வீட்டுக்குத் திரும்பியதும் உரலைக் கவிழ்த்து ஏறித் தடுப்புக்கு மேலே தலையை நீட்டினார்.

“யாருடி கேட்டா ஒன்ன? எனக்குப் பிச்ச போட்டியா?”

இராசாத்தி அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே பேசினாள். “ஒங்களுக்காகன்னு யாரு சொன்னா? வர்ற வருசம் என்னைய அங்க நிறுத்துவாங்க. இவ சுமங்கலியா, அறுத்தவளான்னு எவளாச்சும் கேப்பா. கங்காணி சேதி அனுப்பி விசாரிப்பாரு. இருக்காரா இல்லியான்னு தெரியாம நான் பொட்டு வச்சுக்கிட்டு இருக்கேன் அக்கா. தெரியாமயே இருக்கட்டும். நீங்க அங்க நின்னா என்னைய யாரும் பாக்க மாட்டாங்க.”

செல்லாயி உரலிலிருந்து இறங்கினார். என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“என்னத்தச் சொல்றது? அந்தப் பேச்சும் அவளுக்குத்தான் அழகா வந்திச்சு” என்றார்.

அடுத்த ஆடியிலும் முதல் அடுப்பு செல்லாயியுடையதுதான். இந்தத் தடவை தெரிந்தே உப்புப் போட்டார், தின்னக்கூடிய அளவுக்கு. போடும்போது கொழுந்தன் பெயரை வாய்விட்டுச் சொன்னார். ஊரார் நம்பிவிட்ட ஒன்றை அம்மன் முன்னால் பொய்யாக விட்டுவைக்க அவருக்குப் பயம். தவிர, நேர்த்தியையும் இராசாத்தியே வைத்ததாக இருக்கக் கூடாது.

ஜப்பான்காரன் தோற்றுப்போன பிறகு பிச்சை வந்தார். காலில் ஆறாத புண், கூடு மாதிரி உடம்பு. லாரியிலிருந்து இறங்கியவரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் முதலில் இராசாத்தி வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. செல்லாயியின் வாசலில் இறக்கி, “ஒன் உப்புல வந்தவன் இவன்” என்று சொல்லி அவர் காலில் விழச் செய்தார்கள். செல்லாயி கொழுந்தனைப் பிடித்துக்கொண்டு அழுதார். நிமிர்ந்து பார்த்தபோது இராசாத்தி தன் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஊரு முழுக்க என்னையக் கும்பிட்டுச்சு, தம்பி. ஆனா அவன் எழுந்திரிச்சு நடந்து போனது அவ வீட்டுக்குத்தான. எனக்குப் பேரு, அவளுக்குப் புருசன். அந்தப் பேரும் அவ குடுத்தது. சொல்லு, எரியுமா எரியாதா?”



பிச்சை சில வருடங்கள் இருந்து இறந்துபோனார். தர்மலிங்கமும் போய்விட்டார். லயத்துத் தடுப்பைத் தொழிற்சங்கம் வந்த பிறகு கூரைவரை அடைத்துக் கட்டினார்கள். அப்படி அடைத்த வாரத்தில் செல்லாயி அம்மாளுக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம். பக்கத்து வீட்டில் என்ன சுடுகிறார்கள் என்று தெரியவில்லையே.

செல்லாயி அம்மாள் இப்போது குருணில், ஆலையில் வேலை செய்யும் மகன் மனோகரன் வீட்டில் இருக்கிறார். இராசாத்தி அம்மாள் ஜித்ராவில் மகளோடு இருக்கிறார். ஆடித் திருவிழாவுக்கு இரண்டு பேரும் தோட்டத்துக்கு வருகிறார்கள். முதல் அடுப்பைச் செல்லாயி அம்மாள் பற்றவைக்கிறார். முதல் துண்டை இராசாத்தி அம்மாள் சாப்பிடுகிறார்.